காரை ‘லோ’ பண்ணியாச்சு... முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுதா? கேம்பர் ஆர்ம் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

காரை கொஞ்சம் இறக்கி ஓட்டினால் அதன் லுக்கே வேற. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு முன் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால்தான் பலருக்கும் ஷாக். வெளியே பட்டன் பட்டனாக ரப்பர் இருக்கும், உள்ளே கம்பியே எட்டிப் பார்க்கும். வெளியில் இருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரியே தெரிவதுதான் இதில் உள்ள ஆபத்து. மழையில் பிரேக் அடிக்கும்போதோ, ஹைவேயில் 100 கி.மீ வேகத்தில் போகும்போதோதான் அது தன் வேலையைக் காட்டும்.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுதான் ‘கேம்பர் ஆர்ம்’. இது எல்லா காருக்கும் பொருந்துமா? எதைப் பார்த்து வாங்குவது? எப்படி செட் பண்ணுவது? விரிவாகப் பார்க்கலாம்.

கேம்பர் என்றால் என்ன?

காருக்கு நேர் எதிரே நின்று முன் சக்கரங்களைப் பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி காரின் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். நேராக நின்றால் பூஜ்ஜியம்.

சின்னக் கணக்கு ஒன்று. 205 மி.மீ அகல டயர் 1 டிகிரி சாய்ந்தால், அதன் இரண்டு ஓரங்களுக்கும் இடையே சுமார் 3.5 மி.மீ உயர வித்தியாசம் வரும். கார் எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் இதை அது சமாளித்துவிடும். அதுவே 2.5 டிகிரி என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மி.மீ. அப்போது சுமை முழுக்க உள் ஓரத்தின் மீதே விழும்.

இறக்கினால் ஏன் கேம்பர் மாறுது?

டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனில் சக்கரத்தை மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் என இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கும். மேல் ஆர்ம் நீளம் குறைவு, கீழ் ஆர்ம் நீளம் அதிகம். சக்கரம் மேலே ஏறும்போது குட்டையான மேல் ஆர்ம் சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கும். வளைவில் கார் சாயும்போது டயர் ரோட்டில் படிந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே கம்பெனி அப்படி வடிவமைத்திருக்கிறது.

காரை இறக்கினால் சக்கரம் எப்போதுமே அந்த ‘மேலே ஏறிய’ நிலையில்தான் இருக்கும். அதனால் நேர் ரோட்டிலும் நெகட்டிவ் கேம்பர் நிரந்தரமாகிவிடும்.

உண்மையான வில்லன் யார்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டயரைத் தின்பது கேம்பர் மட்டும் இல்லை, டோ-வும்தான். காரை மேலிருந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பதுதான் டோ. காரை இறக்கும்போது ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறுவதால் இதுவும் மாறிவிடும்.

ஒரு சக்கரத்தில் டோ வெறும் 0.2 டிகிரி தவறினால், 600 மி.மீ விட்டமுள்ள டயரில் அது 2 மி.மீ வித்தியாசம்தான். ஆனால் அந்த டயர் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்ப்பதற்குச் சமம். 10,000 கி.மீ ஓடினால் 35 கி.மீ! நெகட்டிவ் கேம்பருடன் வெளிப்பார்வை டோ-வும் சேர்ந்துவிட்டால் உள் ஓரம் சீக்கிரமே காலி.

ஆகவே, ஆர்ம் வாங்கும் முன் ஒரு அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுங்க. கேம்பர் 1 டிகிரி நெகட்டிவ் அளவில்தான் இருக்கிறது, டோ தான் தப்பு என்றால், டோ-வைச் சரி செய்தாலே வேலை முடிந்தது. ஆர்முக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

உங்க காருக்கு இது பொருந்துமா?

மேல் ஆர்ம் உள்ள கார்களுக்கு மட்டுமே பொருந்தும். 1992 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக் இதற்குச் சரியான உதாரணம். மலேசியாவிலும் இலங்கையிலும் இந்தக் கார்களை இன்றும் ரோட்டில் பார்க்கலாம். 2000-களில் இந்தியாவில் விற்ற ஹோண்டா அக்கார்டிலும் முன்பக்கம் டபுள் விஷ்போன்தான்.

ஆனால் 2006-ல் இந்தியாவுக்கு வந்த சிவிக்கின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்விஃப்ட், ஐ20, போலோ ஆகியவையும் அதே ரகம். இவற்றில் மேல் ஆர்மே கிடையாது. பெயரைப் பார்த்து ‘சிவிக் கேம்பர் ஆர்ம்’ என்று ஆர்டர் போட்டால் பணம் வேஸ்ட். இந்த வகைக் கார்களில் கேம்பரை மாற்ற கேம்பர் போல்ட் அல்லது ஸ்ட்ரட்டின் தலையில் பொருத்தும் கேம்பர் பிளேட் பயன்படுத்துவார்கள். ஸ்ட்ரட், நக்கிளோடு இரண்டு போல்ட்டில் இணைந்திருந்தால்தான் கேம்பர் போல்ட் போட முடியும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* அட்ஜஸ்ட் செய்யும் முறை: ஒரு வகையில் பால் ஜாயிண்ட் ஒரு நீள்துளையில் முன்னும் பின்னும் நகரும். விலை குறைவு. ஆனால் போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் பெரிய பள்ளத்தில் விழும்போது நகர்ந்துவிடும். இன்னொரு வகையில் மரை மூலம் ஆர்மின் நீளமே மாறும். நுணுக்கமாக செட் பண்ணலாம், லாக் நட் வைத்துப் பூட்டலாம். இதில் மரை போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து.

* பால் ஜாயிண்ட்: தனியாக மாற்றக்கூடியதா, அதன் ரப்பர் கவர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்க. நம்ம ஊர் தூசியிலும் மழையிலும் கவர் கிழிந்தால் ஜாயிண்ட் நீண்ட நாள் தாங்காது. ஜாயிண்ட் தேய்ந்தால் முழு ஆர்மையும் மாற்ற வேண்டிய நிலை வரக்கூடாது.

* புஷ்: தினசரி ஓட்டும் காருக்கு ரப்பர் புஷ் நல்லது. பாலியூரித்தேன் புஷ் இறுக்கமாக இருக்கும், கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சுக் கீச்சு சத்தம் வரும். ஸ்ஃபெரிக்கல் பேரிங் ரேஸ் டிராக்குக்கு ஏற்றது. மேடு பள்ளம் நிறைந்த ரோட்டில் அதிர்வு, சத்தம் இரண்டும் உள்ளே வரும்.

* இடைவெளி: இறக்கிய காரில் மேல் ஆர்ம் பாடியை ஒட்டியே வேலை செய்யும். தடிமனான ஆர்ம் போட்டால் பள்ளத்தில் விழும்போது பாடியில் இடிக்கும்.

எப்படி செட் பண்றது?

முதலில் காரின் உயரத்தை முடிவு பண்ணுங்க. இன்று செட் பண்ணிவிட்டு நாளை இன்னும் அரை இன்ச் இறக்கினால் எல்லாமே வீண். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய கார் என்றால் ஆர்ம் போடும் முன் சரியான ஸ்பிரிங் போடுவதுதான் முதல் வேலை. வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் கீழே தொங்கும்போது இருக்கையை விட்டு விலகலாம்.

அடுத்து, ஆர்மை மாட்டியதும் ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் ஜாக்கி வைத்து சக்கரத்தை மெதுவாக மேலே கீழே நகர்த்த வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்து எங்கேயும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. கார் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் ஃபைனல் டைட். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிறகு அலைன்மென்ட். டயர் காற்று சரியாக இருக்கணும், பேரிங், பால் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. வரிசை இதுதான்: முதலில் காஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டாலே டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேல், கீழ் பால் ஜாயிண்ட்களுக்கு இடையே 300 மி.மீ இருந்தால், ஆர்மின் நீளத்தில் 5 மி.மீ மாற்றமே சுமார் 1 டிகிரி கேம்பர். எனவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

தினசரி ஓட்டும் காருக்கு அரை முதல் ஒன்றரை டிகிரி வரை நெகட்டிவ் இருந்தால் போதும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று அவசியமில்லை. ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே வரும், அகல டயர் ஃபெண்டரில் உரசலாம். இடது, வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கட்டும். இல்லையெனில் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு லாக் நட், போல்ட் எல்லாவற்றையும் மறுபடி செக் பண்ணி, அலைன்மென்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பிரிவு 182ஏ(4)-ன் கீழ், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி எழலாம். காரை இறக்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

ஏற்கெனவே இறக்கிய கார் என்றால் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து நிறுத்தி, முன் டயரின் உள் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்க. கார்களுக்கு விதிப்படி குறைந்தபட்ச பள்ளம் 1.6 மி.மீ. உள் ஓரம் மொழுக்கென்று இருந்தாலோ, கம்பி தெரிந்தாலோ, முதலில் மாற்ற வேண்டியது டயரை. கேம்பர் ஆர்ம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.