அடையாற்று வண்டலை விண்ணிலிருந்து அளத்தல்

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் இடையே கடலில் கலக்கும் அடையாறு, வடகிழக்குப் பருவமழையில் பெருக்கெடுக்கும்போது அள்ளிவரும் நுண்ணிய களிமண்ணும் வண்டலும் உடனே அடியில் படியாமல் நீரில் மிதந்தபடியே கடலுக்குள் பரவுகின்றன. இவ்வாறு மிதக்கும் வண்டலை அளக்கும் பழைய முறை எளியது. படகில் சென்று நீரை முகந்து, முன்னரே எடை பார்த்த வடிதாளில் வடிகட்டி, ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் உலர்த்தி மீண்டும் எடைபோட்டால், கூடிய எடையே அந்நீரின் வண்டல் அளவாகும். அது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் எனக் குறிக்கப்படுகிறது. ஆனால் அந்த எண் முகந்த இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

செயற்கைக்கோள் அளப்பது மண்ணையன்று, ஒளியை. தெளிந்த கடல்நீர் சிவப்பொளியைப் பெரிதும் உறிஞ்சிவிடுவதால் அந்த அலைநீளத்தில் இருண்டு தோன்றும். வண்டல் துகள்கள் அவ்வொளியைச் சிதறடித்து மேல்நோக்கி அனுப்புவதால், நீர் கலங்கக் கலங்கப் படம் ஒளிர்கிறது. அடையாறு சாக்கடைக் கழிவையும் சுமந்து வருவது அனைவரும் அறிந்ததே. அதில் கரைந்துள்ள கரிமப்பொருள்கள் நீல ஒளியையே மிகுதியாக விழுங்குவதால், சிவப்பைத் தேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. கலங்கல் அளவு கடந்தால் சிவப்பொளி மேலும் கூடாமல் நின்றுவிடும்; அப்போது அதற்கடுத்த அண்மை அகச்சிவப்பை நாட வேண்டும்.

உண்மையான சிக்கல் நீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. கடல்மீது பறக்கும் கருவியை வந்தடையும் ஒளியில் பெரும்பகுதி வளிமண்டலமும் தூசும் சிதறடித்தது என்பதால், அதை முதலில் கழித்தாக வேண்டும். ஆழ்கடலில் அண்மை அகச்சிவப்பு நீரிலிருந்து வருவதே இல்லை எனக் கொண்டு, அங்குத் தெரிவதனைத்தையும் தூசின் கணக்கில் எழுதுவது வழக்கம். இதே விதியைக் கலங்கிய முகத்துவாரத்தில் கையாண்டால், வண்டல் அனுப்பிய ஒளியும் தூசெனக் கழிபட்டு, கிடைக்கும் அளவு குறைந்துவிடும். அதனால் இங்குக் குற்றலை அகச்சிவப்பைத் துணைகொள்கின்றனர்.

1999இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-1இன் கடல்நிறக் கருவி, இரு நாளுக்கொருமுறை வங்கக்கடலைப் பார்த்துவந்தாலும், அதன் ஒரு படப்புள்ளி 360 மீட்டர் அகலமுடையதாக இருந்தது. அடையாற்று முகத்துவாரம் அதில் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கி, மணற்கரையோடு கலந்து மங்கிவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 10 மீட்டர் நுட்பத்தில் காட்டுகிறது, ஆயினும் மேகத்தை அதுவும் ஊடுருவாது. 2015 டிசம்பர் போன்ற பெருவெள்ளத்தில், வண்டல் மிகுந்து வரும் நாள்களிலேயே வானம் மூடிக்கிடக்கிறது.

மேலும், செயற்கைக்கோள் காண்பது மேல்நீரை மட்டுமே. அலைகள் கரையோரமாகத் தள்ளிவந்து முகத்துவாரத்தை அடைக்கும் பருமணல் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டியே நகர்வதால், அது இக்கணக்கில் சேர்வதில்லை. அதற்குப் படகிலிருந்து எதிரொலி கொண்டு ஆழம் அளப்பதே வழி.