புற்றை நீக்கும்போது காக்க வேண்டிய நான்கு சுரப்பிகள்

தைராய்டு புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை புற்றை அகற்றுவதோடு நிறைவடைவதில்லை. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளை உயிரோட்டத்துடன் விட்டுவைப்பதும் அதன் இன்றியமையாத பகுதியாகும். பெரும்பாலோர்க்கு நான்காக அமையும் இவை, ஒவ்வொன்றும் துவரம்பருப்பளவே இருந்தபோதிலும், குருதியின் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவுக்குள் நிற்குமாறு பாராதார்மோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் உடலை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் 1850-இல் இச்சுரப்பியைக் குறிப்பிட்டார்; மனித உடலில் இதை 1880-இல் விவரித்தவர் உப்சாலாவின் மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். இவற்றின் பணி அறியப்படாத அக்காலத்தில், தைராய்டு முழுவதையும் இழந்தவர்களுள் சிலர் கைகால் இறுகும் 'டெட்டனி' எனும் தசைப்பிடிப்பால் துன்புற்றதன் காரணம் மருத்துவர்களுக்கே விளங்கவில்லை.

மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தால் கொழுப்புத் துணுக்கு என்றோ நிணநீர்க் கணு என்றோ இவை தவறாகக் கருதப்படக்கூடும். சுரப்பியை இடத்திலேயே விட்டுவைத்தாலும், கீழ்த் தைராய்டு தமனியிலிருந்து அதற்கு வரும் நூலிழை போன்ற கிளை அறுந்தால் அது செயலிழக்கும். ஆதலால், தமனியைத் தொடக்கத்திலேயே கட்டிவிடாமல், தைராய்டின் உறையை ஒட்டியே சிறு கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செல்வதே ஏற்கப்பட்ட முறை. புற்று பரவிய நிணநீர்க் கணுக்களைக் கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து நீக்க நேரும்போது இந்த இடர் மிகுகிறது. குருதியோட்டம் இழந்து கருத்த சுரப்பியின் சிறு துணுக்கைச் சோதித்து, அது புற்றுக் கணு அன்று என உறுதிசெய்தபின், எஞ்சியதை ஒரு மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக்கிக் கழுத்துத் தசைக்குள் பதியமிடுவதும் உண்டு. அகச்சிவப்புக்கு அண்மையிலான ஒளி பட்டால் இச்சுரப்பிகள் தாமாகவே ஒளிர்வதைக் கொண்டு இவற்றை இனங்காணும் கருவிகளுக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இவ்வகை அறுவைக்கென நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறைகள் இயங்குகின்றன. ஆனால் அறுவைக்குப்பின் கால்சியம் மிகவும் தாழ்வது பெரும்பாலும் 2 முதல் 4 நாள்களுக்குள் என்பதால், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியத்திற்கோ கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கோ திரும்பியவர் ஆபத்தை வீட்டிலேயே எதிர்கொள்ள நேரலாம். உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, பின்னர் விரல்கள் ஒன்றுகூடிக் குவிந்து மணிக்கட்டு மடங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தோன்றினால் விடியட்டும் எனக் காத்திராமல், சிறுவங்கூரிலுள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் குறைவுக்குச் சிரை வழியாகக் கால்சியம் செலுத்துவதே உரிய சிகிச்சை.

இப்பகுதி மக்கள் உண்ணும் கேழ்வரகில் கால்சியம் மிகுதியாக இருந்தாலும், கூழும் களியும் மருத்துவர் தந்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளுக்கு ஈடாகா. தைராய்டை நீக்கியபின் உட்கொள்ளும் தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்திற்கும் இடையே 4 மணி நேர இடைவெளி தேவை. மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் அறுவைக்குப் பிந்தைய கால்சியம், பாராதார்மோன் அளவுகளையும் அடுத்த பரிசோதனை நாளையும் சீட்டில் எழுதிக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. நள்ளிரவில் விரல்கள் மடங்கும்போது, அவரை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தச் சீட்டே வழிகாட்டும்.