நீர்வேட்கையும் மனவேட்கையும்

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு நேரத்தில் மூச்சுத்திணறலோடு நமது அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவோரில் டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோரும் இருப்பர். படுத்தால் மூச்சு முட்டும்; எழுந்து உட்கார்ந்தால்தான் சற்று ஆறுதல். என்ன நேர்ந்தது என்று வினவினால் நோயாளி வாய் திறக்கமாட்டார். உடன்வந்த மனைவியோ மகளோ தயங்கித் தயங்கிச் சொல்வார்: "வெயில் தாங்கலைங்க டாக்டர். ஒரு சொம்பு நீராகாரம் குடிச்சிட்டாரு."

அந்த ஒரு சொம்பின் கணக்கு எளிது. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் புகும் நீருக்கு வெளியேறும் வழி மிகக் குறைவு. ஒரு லிட்டர் நீர் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். கூடிய நீர் முதலில் காலில் வீக்கமாகத் தெரியும். பின்னர் நுரையீரலில் தேங்கும். இதயத்தின் சுமையும் பெருகும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் நான்கு கிலோ கூடி வருபவரிடமிருந்து அத்தனை நீரையும் நான்கு மணி நேரத்தில் எடுக்க முயன்றால் இரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் சேர்த்துப் பருகலாம் என்பது பொதுவான வரையறை. அவரவர்க்குரிய அளவை அவரவர் மருத்துவரே கூறவேண்டும்.

இதை நாங்கள் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். நோயாளிகளும் தலையசைக்கிறார்கள். ஆயினும் தாகம் தலையசைப்பைக் கேட்பதில்லை. "கட்டுப்பாடாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பது எங்களுக்கு எளிது. எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதை நாங்கள் பல ஆண்டுகள் கற்றுத்தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதைக் கற்றுத்தரும் மரபொன்று தமிழிலேயே இருந்திருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறத்தைப் போதிக்கிறார். துன்பம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஒன்றையொன்று சார்ந்த பன்னிரண்டு கண்ணிகளாக அவர் விளக்குகிறார். அவற்றுள் நான்கு இங்கே நமக்கு வேண்டியவை: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. புலனில் ஒன்று படுவது ஊறு. அது இன்பமாகவோ துன்பமாகவோ உணரப்படுவது நுகர்வு. 'எனக்கு இது வேண்டும்' என எழுவது வேட்கை. அதை விடாமல் பிடித்துக்கொள்வது பற்று. பாலி மொழியில் வேட்கையைக் குறிக்கும் 'தண்ஹா' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே தாகம் என்பதுதான். தமிழிலும் தாகத்தை நீர்வேட்கை என்கிறோம். புத்தர் உவமையாக எடுத்தாண்ட சொல் எங்கள் டயாலிசிஸ் பிரிவில் உவமையாக இல்லாமல் உண்மையாகவே நிற்கிறது.

நாவறட்சி என்பது நுகர்வு. அதை நம்மால் முழுதும் நிறுத்த இயலாது. ஆனால் நாவறட்சிக்கும் கை சொம்பை நோக்கி நீளுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளும் பயிற்சியையே பௌத்தர்கள் சதி என்றனர். நாம் கடைப்பிடி, விழிப்புணர்வு என்கிறோம். ('சதி' என்றவுடன் சூழ்ச்சி என்று எண்ணி ஒரு பெரியவர் எங்களை ஐயத்தோடு பார்த்தார். அன்றுமுதல் அச்சொல்லை வார்டில் பயன்படுத்துவதில்லை.)

பயிற்சி இதுதான். தாகம் எழும்போது உடனே குடிக்கவும் வேண்டா, அதனோடு சண்டையிடவும் வேண்டா. உட்காருங்கள். தாகம் உடலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாவின் நுனியிலா, அண்ணத்திலா, தொண்டையிலா? வறட்சியா, எரிச்சலா, பிசுபிசுப்பா? இயல்பாக வந்துபோகும் மூச்சை இருபது வரை எண்ணியவாறே அதைக் கவனித்திருங்கள். தாகம் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், சற்று நிற்கும், இறங்கும், மீண்டும் ஏறும். அது இறங்குவதை ஒருமுறை தாமே கண்டவர்க்கு அடுத்தமுறை அச்சம் குறைகிறது. அதன்பின் வாயைக் கொப்பளித்து உமிழலாம். அல்லது அன்றைய அளவு அடையாளமிட்ட பாட்டிலிலிருந்து ஒரு மிடறு பருகலாம். அந்த ஒரு மிடற்றையும் அவசரமின்றி, நாவில் நிறுத்தி, அறிந்து விழுங்குங்கள்.

தாகம் வந்தபின் மட்டும் பயின்றால் கைவராது. நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குதல் நலம். தொடங்குவதற்கு நல்ல இடம் உங்கள் கையிலேயே உள்ளது. டயாலிசிஸுக்காக அமைக்கப்பட்ட ஃபிஸ்டுலாவின்மேல் விரல்களை வைத்தால் பூனையின் உறுமல்போன்ற மெல்லிய அதிர்வு தெரியும். அதை நாள்தோறும் தொட்டுப் பார்க்கச் சொல்வது மருத்துவக் காரணத்துக்காகத்தான். அதிர்வு நின்றால் உடனே வரவேண்டும். அந்தச் சோதனையையே ஐந்து நிமிடம் நீட்டி, மனம் விலகும்போதெல்லாம் மீண்டும் அதிர்வுக்குக் கொண்டுவாருங்கள். மனம் விலகுவது குற்றமன்று. விலகியதை அறிவதே பயிற்சி.

இன்னொன்று: உப்பைக் குறைக்காதவர்க்கு எந்தத் தியானமும் தாகத்தைத் தணிக்காது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை உண்டுவிட்டு மூச்சை எண்ணுவது வீண். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லையெனினும் தாகம் மிகும். இளநீரில் பொட்டாசியம் உண்டு. அதை நாடுவது இதயத்துடிப்புக்கே ஆபத்தாகலாம்.

நோயுற்றோர்க்குப் புத்தர் கூறியதாகப் பாலி நூல்களில் ஒரு செய்தி உண்டு. நகுலபிதா என்னும் முதிய இல்லறத்தார், உடல் தளர்ந்து எப்போதும் நோயோடு இருப்பதாகக் கூறி ஆறுதல் வேண்டுகிறார். உடல் நோயுற்றிருப்பினும் மனம் நோயுறாதிருக்கப் பயிலுமாறு புத்தர் அறிவுறுத்துகிறார். உடல் நோய் நீங்கிவிடும் என்று அவர் வாக்களிக்கவில்லை. அந்த நேர்மை மருத்துவர்களாகிய எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இன்றைய மருத்துவமும் இதைத் தொட்டிருக்கிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின், நாட்பட்ட வலியுடையோர் முதலானோர்க்காக விழிப்புணர்வுப் பயிற்சியை ஒரு வகுப்பாக அமைத்தார். அதன் வழிவந்த சிகிச்சையொன்றைப் பற்றிய ஆய்வு 2015-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்த 424 பேரில் ஒரு பகுதியினர் பயிற்சி பெற்று, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்தனர். மற்றவர்கள் மாத்திரையைத் தொடர்ந்தனர். இரண்டாண்டில் நோய் திரும்பியோர் முறையே 44, 47 விழுக்காடு. பயிற்சி மாத்திரையை வென்றுவிடவில்லை. அதற்கு நிகராக நின்றது. ஆகவே எவரும் தாமாக மாத்திரையை நிறுத்தலாகாது.

விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா (1924–2013) முதலில் தம் ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடியே பர்மாவில் ஊ பா கின்னிடம் சென்றார். உடல் நோயைத் தீர்ப்பதற்கான வழி இதுவன்று என்று ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். நோயாளிகளுக்கு நாங்கள் சொல்வதும் அதுவே. அம்மரபின் பத்து நாள் முகாம்களில் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். டயாலிசிஸ் பெறுவோர்க்கு அது ஒவ்வாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் மூச்சைக் கவனித்து அமர்ந்திராமல் உடனே வாருங்கள். மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுவோர், பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கலாம். கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மனநலப் பிரிவில் கேட்டபின் தொடங்குக.

"மதம் மாற வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. எனினும் இது பௌத்தத்திலிருந்து வந்தது என்பதை மறைப்பதும் எங்களுக்கு உடன்பாடன்று. 1898-இல் தமிழகத்தில் பௌத்தத்துக்குப் புத்துயிர் தந்த அயோத்திதாசப் பண்டிதரும் ஒரு சித்த மருத்துவரே.

குடும்பத்தார்க்கும் ஒரு சொல். சொம்பைப் பிடுங்கிவைப்பதும் கடிந்துகொள்வதும் அன்பினால்தான். ஆனால் ஏசப்பட்டவர் மறைந்து குடிக்கிறார். பௌத்தர்கள் மைத்திரி என்னும் நல்லெண்ணத்தை முதலில் தம்மிடமிருந்தே தொடங்கச் சொல்வர். திண்டிவனத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வாரந்தோறும் பேருந்தேறி வந்து, வெளியே நான்கு மணி நேரம் காத்திருக்கும் நீங்கள், 'நானும் களைத்திருக்கிறேன். எனக்கும் அமைதி உண்டாகுக' என்று முதலில் எண்ணுங்கள். பிறகு உள்ளே படுத்திருப்பவரை எண்ணுங்கள்.

நாங்கள் அறிந்த விவசாயி ஒருவர் முன்பெல்லாம் நான்கு கிலோவுக்குக் குறையாமல் கூடி வருவார். இப்பயிற்சியோடு உப்பையும் குறைத்தபின் பெரும்பாலும் இரண்டரையில் நிற்கிறார். சென்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் பார்த்துத் திரும்பியபோது எடைக்கருவி மூன்றரை காட்டியது. "கூட்டத்துல கவனிக்க மறந்துட்டேங்க" என்றார். அருகில் நின்ற அவர் மனைவி அன்று கடிந்துகொள்ளவில்லை; பாட்டிலில் மறுநாளைய அளவுக்குக் கோடிட்டுக்கொண்டிருந்தார்.