எஸ்டீமுக்கு ஹெடர் மாட்டும்போது

மாருதி எஸ்டீமை ஆசையாக வைத்திருப்பவர்கள் கோயம்புத்தூரில் இன்னும் இருக்கிறார்கள். 1,298 சி.சி., அலுமினிய இன்ஜின். பிந்தைய 16 வால்வு மாடல் 85 குதிரைத்திறன் தரும். வண்டியின் எடை குறைவு என்பதால் ரேஸ் பையன்களுக்கு இது என்றைக்கும் பிடித்த வண்டி. மாருதி 800 இன்ஜினை வைத்தே 1980களின் கடைசியில் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைச் செய்தவர் எஸ். கரிவரதன். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் இது. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "ஏனுங்ண்ணா, ஹெடர் போட்டா எவ்ளோ எச்.பி. ஏறுமுங்க?"

"தம்பி, லீக் இல்லாம உக்காந்தா கொஞ்சம் ஏறும். லீக் இருந்தா இருக்கறதும் போயிரும்" என்பதுதான் என் பதில்.

இன்ஜினில் எரிந்த புகை சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளியே வந்ததும் முதலில் நுழையும் பாகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி கொடுப்பது வார்ப்பிரும்பு. நாலு சிலிண்டரின் புகையையும் கொஞ்ச தூரத்திலேயே ஒரே வாய்க்குள் தள்ளிவிடும். அதை மட்டமாக நினைக்கக் கூடாது. விலை குறைவு, சத்தம் அடங்கும், வருடக்கணக்கில் விரிசல் விடாமல் உழைக்கும். ஆனால் புகை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் மூன்றாவதன் வால்வு திறந்துவிடும். அங்கிருந்து பாயும் அழுத்தம் பொது வாயில் திரும்பி ஒன்றாவதன் முதுகில் அடிக்கும். ஹெடர் என்பது இந்த நாலு வழியையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நீளக் குழாய் கொடுப்பது. ஒன்றையும் நாலையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி. அந்த ஜோடிகள் கடைசியில் ஒன்றாகச் சேரும். இதைத்தான் 4-2-1 என்கிறோம். நாலும் ஒரே இடத்தில் கூடினால் 4-1. அது உச்ச ஆர்.பி.எம்.மில் நன்றாக இழுக்கும், பந்தயத் தடத்துக்குச் சரி. அவிநாசி ரோடு டிராஃபிக்கில் ஓட்டுகிற வண்டிக்கு 4-2-1 போதும் என்றுதான் நான் சொல்வேன்.

குழாயின் நீளத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, சூடான புகைக்குள் வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். குழாய்கள் கூடும் அகன்ற இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். 80 செ.மீ. குழாயில் போய்த் திரும்ப மூன்று மில்லி வினாடி ஆகும். 6,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒருமுறை மேலேறி வர ஐந்து மில்லி வினாடி. திரும்பி வரும் உறிஞ்சல் வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப் போட்டு, புதுக் காற்றையும் கூடவே உள்ளே கூப்பிடும். சத்தத்துக்காக மட்டும் ஹெடர் கேட்கிற தம்பிகளிடம் இந்தக் கணக்கைத்தான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் பெரிய வேலை. ஹெட் அலுமினியம், அதில் முறுக்கியிருக்கும் ஸ்டட் இரும்பு. வருடக்கணக்கில் வெந்து, துருப்பிடித்து, நட்டும் ஸ்டட்டும் ஒரே உடம்பாகியிருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டிலும் விட்டு ஊற வைப்போம். மறுநாள் ஆறு மூலை சாக்கெட் போட்டு, கால் சுற்று கழற்றி, திரும்பக் கொஞ்சம் முறுக்கி, மறுபடி கால் சுற்று. நட் 'கிரீச்' என்று கத்தினால் இளகுகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றினால் கையை உடனே நிறுத்த வேண்டும். ஸ்டட் முறுக்கேறி அறுந்துகொண்டிருக்கிறது. உள்ளே முறிந்த ஸ்டட்டை எடுக்க டிரில் போடும்போது இம்மி விலகினாலும் ஹெட் போச்சு. ஸ்டட்டே நட்டோடு வெளியே வந்துவிட்டால் கவலை வேண்டாம், புது ஸ்டட் போடலாம்.

புது ஹெடரை நேராக மாட்டிவிடக் கூடாது. வெல்டிங் சூட்டில் அதன் பிளாஞ்ச் வளைந்திருக்க நிறைய வாய்ப்பு. மட்டப்பலகையை முகத்தில் வைத்து ஃபீலர் கேஜைச் செருகிப் பார்ப்போம். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் கிரைண்டிங் கடைக்கு அனுப்பிவிடுவேன். பம்ப் செய்கிற எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு புது கேஸ்கெட்டை ஹெட்டின் துளைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் ஓரம் துளைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஹெடர் ஸ்டட்களில் கையாலேயே ஏற வேண்டும். கடப்பாரை கொண்டு நெம்பி ஏற்றினால் அந்த இழுவை முழுவதும் வெல்டிங்கில் நிற்கும், சில மாதத்தில் அங்கேதான் விரிசல் விடும். எல்லா நட்டையும் விரலால் பிடிக்கவைத்த பிறகு, நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சைலன்சரின் பாரம் பிளாஞ்சில் தொங்காமல் கீழே ஒரு பிராக்கெட். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஆடும் என்பதால், வயரும் பிரேக் பைப்பும் குழாயிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது என்று ஒரு எஸ்டீம் வந்தது. வேறு இடத்தில் ஹெடர் போட்டிருந்தார்கள். இன்ஜெக்டர், பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றியும் பலனில்லை. பிளக் முனை கரியாக இருந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து குனிந்து கேட்டால், 'டிக் டிக் டிக்' என்று மெல்லிய சத்தம். மூன்றாம் துளைக்குப் பக்கத்தில் ஹெட்மேல் விசிறி மாதிரி ஒரு கரிக்கறை. அந்த இடுக்கில் புகை வெளியே போவதோடு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்றும் உள்ளே போயிருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றும். பிளாஞ்சைக் கிரைண்ட் செய்து, கேஸ்கெட் மாற்றியதோடு சரியாயிற்று. லீக்கினால் நஷ்டம் பெட்ரோல் மட்டுமல்ல. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனையே இல்லாமல் வண்டிக்குள் புகுந்து ஆளைச் சாய்த்துவிடும்.

ரோட்டில் ஓடும் வண்டியில், புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் செய்யமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. புகை, சத்த வரம்பை மீறி ஓட்டினால் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர் அந்தப் புகையை ஏன் குடிக்க வேண்டும்?

முதல் ஸ்டார்ட்டில் குழாயிலிருந்து புகை வரும். அது குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய், பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடேறி முழுசாக ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை முறுக்க வேண்டும், ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடியும். கழற்றிய பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, கோணியில் சுற்றி வீட்டிலேயே வையுங்கள். எஸ்டீமுக்கு இனி புதிதாக வார்ப்பு வராது. நாளைக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற சமயத்தில் ஒரிஜினலைக் கேட்டால் மாட்டிக்கொண்டு போக அது ஒன்றுதான் இருக்கும்.