பத்தாயிரத்தில் ஒன்று

கோவிட் காலத்தில் ஊரே அறிந்துகொண்ட பி.சி.ஆர். தொழில்நுட்பம்தான். ஆனால் இங்கே தேடுவது கிருமியை அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து, தலைமுடி மீண்டும் வளர்ந்து, முகம் தெளிந்த பிறகும் உடம்பில் தங்கியிருக்கக்கூடிய இரத்தப் புற்றுநோய்ச் செல்லை.

மலேசியாவில் முதல் மஜ்ஜை மாற்று நடந்த 1987-இல், நோய் போய்விட்டதற்கு நுண்ணோக்கிதான் முக்கியச் சாட்சி. மஜ்ஜையில் புற்றுச் செல்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ‘நோய் தணிந்தது’ என்பார்கள். அப்படிச் சொன்ன அன்றும் உடம்பில் கோடிக்கணக்கில் அவை மிச்சமிருக்கலாம். பி.சி.ஆரோ பத்தாயிரம் செல்களில் ஒன்றைக் கண்டுபிடிக்கும். சில வகைகளில் லட்சத்தில் ஒன்றையும்.

அந்த ஒன்றுக்கு எவ்வளவு மதிப்பு? சியாட்டில் மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்று செய்துகொண்ட 346 பேர். ஆறாவது அல்லது பன்னிரண்டாவது மாதத்தில் பாசிட்டிவ் வந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நெகட்டிவ் வந்தவர்களில் வெறும் 3 விழுக்காடு. மூன்றாவது மாதப் பாசிட்டிவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. அவசரப்பட்டுச் சோதித்து வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்போருக்கு அந்த அளவில் நியாயம் உண்டு.

நம் வட்டாரத்திலும் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ‘மா-ஸ்போர் 2003’ ஆய்வில் இரத்தப் புற்றுநோய் வந்த 556 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 33-ஆம் நாளும் 12-ஆம் வாரமும் பி.சி.ஆர். பார்த்து, மிச்சம் குறைவாக இருந்தவர்களுக்குக் கீமோவின் கடுமையைக் குறைத்தார்கள். அப்படியும் ஆறாண்டுக் கணக்கில் நூற்றுக்கு எண்பது பேர் பின்னடைவின்றி இருந்தார்கள்.

மஜ்ஜை மாற்றுக்குப் பின் இன்னொரு சோதனையும் உண்டு: ஓடுவது யாருடைய இரத்தம் என்று பார்ப்பது. அண்ணனுக்குத் தங்கை மஜ்ஜை கொடுத்தால், காலப்போக்கில் அண்ணன் உடம்பில் ஓடும் இரத்தத்தில் தங்கையின் மரபணுதான் இருக்கும். இரத்த வகைகூட மாறலாம். அண்ணனின் பழைய செல்கள் மறுபடி தலைகாட்டினால், நோய் வருகிறதோ என்று மருத்துவர்கள் உஷாராவார்கள்.

சரி, பாசிட்டிவ் வந்துவிட்டது. மறுநாள் என்ன செய்வது? சோதனையை வியந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நழுவிவிடுகிறார்கள். சில வகைகளுக்கு மாத்திரை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், முன்பு கொடுத்த அதே கொடையாளரின் வெள்ளணுக்களை மீண்டும் வாங்கி ஏற்றலாம். 1990-இல் மியூனிக் மருத்துவர்கள் மூன்று நோயாளிகளிடம் இதன் பலனைக் காட்டினார்கள். ஆக, கொடையாளரின் வேலை மாற்று நடந்த அன்றோடு முடிவதில்லை.

நமக்கு இடிக்கும் இடம் கொடையாளரைக் கண்டுபிடிப்பதுதான். உடன்பிறந்த ஒருவர் திசு வகையில் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தோட்டப்புறத்தில் ஒரு வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த காலத்தில் யாராவது ஒருவர் கிடைத்திருப்பார்கள். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இன்று ஒரு வீட்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. வெளியாளைத் தேடினால், பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனத்துக்குள்தான் அமையும்; மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பெற்றோர், பிள்ளைகளின் பாதிப் பொருத்தமே இப்போது போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

மலேசியாவில் 2000 முதல் தேசியக் கொடையாளர் பதிவகம் இருக்கிறது. சென்னையில் 2009 முதல் தாத்ரி பதிவகம் இயங்குகிறது. பெயர் கொடுப்பது சுலபம். அழைப்பு வரும்போதுதான் வீட்டில் தகராறு: “முதுகெலும்புல ஊசி போடுவாங்களாம், வேணாம்ப்பா.” முதுகெலும்பில் யாரும் ஊசி போடுவதில்லை. பெரும்பாலும் கை நரம்பு வழியாக இரத்தத்தை எடுத்து, வேண்டிய செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மற்றதைத் திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். சில மணி நேர வேலை.