சித்திரை வெயிலில் ஓடிய மழைத்தண்ணீர்!

மழை பெய்து மாசக்கணக்காச்சு. ஆனாலும் சிட்லப்பாக்கத்தில் எங்கள் தெரு மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடியது!

"மழையே இல்லாதப்ப ஓடினா அது என்ன தண்ணி தம்பி?" என்றார் மாடி போர்ஷன் ரிடையர்டு இன்ஜினீயர். நான் பி.காம்! முழித்தேன்.

செல்போனில் மேப்பை விரித்தார். ஏரி, வடிகால், மேடு பள்ளக் கோடுகள்... ட்ரேசிங் பேப்பர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு. அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான்!

2021-ல் தாம்பரம் மாநகராட்சி வரும்வரை சிட்லப்பாக்கம் பேரூராட்சி, செம்பாக்கம் நகராட்சி. சாக்கடைக்கு எல்லை தெரியுமா என்ன?

"வடிகால், மேன்ஹோல் மட்டத்தையெல்லாம் அளந்து மேப்ல ஏத்தணும். கோடையில எது ஓடுதோ, அதை மேட்டுப்பக்கமா பிடிச்சிட்டே போனா திருட்டு பைப் சிக்கிடும். பாதாளச் சாக்கடைக்கோ செப்டிக் டாங்குக்கோ திருப்பிடலாம்."

உடனே பரிசோதனை! கால்வாயோரமாக நடந்தோம். நுரை வந்த நாலு இஞ்ச் பைப்... எங்கள் காம்பவுண்டுக்குள்ளிருந்து! காலையில் நான் குளித்த சோப்பு வாசனைகூட அப்படியே.

பத்து மாச அட்வான்ஸ் ஹவுஸ் ஓனர் கையில். இன்ஜினீயர் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லிடுங்க சார்... பெரியவங்க!"