கழுத்து நிற்கும் மாதம்

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்குச் செல்லும் ரயில் மார்க்கத்தில் கும்மிடிப்பூண்டியைக் கடந்ததும் வருகின்ற எளாவூரும், பழவேற்காட்டு ஏரியின் உப்பங்கரையை ஒட்டிக் கிடக்கின்ற சுண்ணாம்புக்குளம், நொச்சிக்குப்பம் முதலிய ஊர்களும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்ற எல்லைப் பிரதேசம். ஆண்கள் இறாலுக்கும் மடவைக்கும் ஏரியில் இறங்கி, பெண்கள் கூடையுடன் மீன் விற்கப் புறப்பட்டுவிட்டால், கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பில் தூளியில் கிடக்கிறது. அதன் வளர்ச்சியைச் சோதித்துப் பார்க்கும் முதல் பரீட்சகரும் அந்தப் பாட்டிதான். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, "இன்னும் கழுத்து நிக்கலியே" என்றோ, "ஒரு கைய மட்டும் மூடியே வெச்சிருக்குதே" என்றோ எந்த வைத்தியருக்கும் முன்னதாக அவள் கண்டு சொல்லிவிடுகிறாள். ஆனால் சொன்ன வாய் மூடுமுன், "இவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று வீட்டாரைத் தேற்றியும் விடுகிறாள். அந்தத் தேறுதலில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழிந்துபோகிறது.

சிசுவின் அசைவுகள் ஒரு கிரமத்தில் வருகின்றன என்பதை நம் முன்னோர் நன்கு கவனித்திருந்தனர். பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள், இரு கைகளையும் ஊன்றி ஒரு காலை மடக்கித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும், தளர்நடையிட்டு வரும் வருகையைப் பதின்மூன்றாம் மாதத்துக்கும் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து தேசங்களின் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் கவனித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்துக்கும் 9.2 மாதத்துக்கும் இடையிலும், தானாக நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையிலும் நிகழ்கின்றன. கவிகள் சொன்ன மாதங்கள் ஏறத்தாழ இந்த எல்லைகளின் நடுவே விழுவது எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் முழந்தாளிட்டுத் தவழாமலே நடந்துவிட்டனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகையால் தவழாத காரணம் ஒன்றைக்கொண்டே பயந்துவிட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து மாதம் நிரம்பியும் கழுத்து நிற்காமை, ஒன்பது மாதம் கடந்தும் உட்காராமை, பதினெட்டு மாதமாகியும் நடவாமை, கைகளை எந்நேரமும் இறுக மூடியிருத்தல், தூக்கும்போது கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளுதல், உடல் துவண்டு தொங்குதல் ஆகியவற்றுக்கு யாருடைய குடும்ப சரித்திரமும் சமாதானமாகாது. முதற்பிறந்த நாளுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் உபயோகித்தால் அதை இடக்கைப் பழக்கமென்றோ வலக்கைப் பழக்கமென்றோ மகிழ்ந்து பேசுவார்கள். உண்மையில் அது மற்றக் கையின் பலவீனத்துக்கு அடையாளமாக இருக்கக்கூடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும், எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துப் பார்ப்பது நியாயம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். மூளையின் புறணியிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி அவயவங்களை ஆள்கின்ற நரம்பு இழைகள், பிறந்த சிசுவில் இன்னும் நிலைபெறாதவை. மூளையின் ஒவ்வொரு பாதியும் உடலின் இரு பக்கங்களுக்கும் கிளைகளை அனுப்பியிருக்க, அவற்றுள் வேலை செய்யும் கிளைகள் வேரூன்றுகின்றன, சும்மா இருப்பவை பின்வாங்கிவிடுகின்றன. பிரசவ காலத்தில் பிராணவாயு குறைந்தோ, மூளையில் ரத்தம் கசிந்தோ ஒரு பாதி அடிபட்டிருந்தால், அதன் இழைகள் இந்தப் போட்டியில் தோற்று இடத்தை மற்றப் பாதிக்கு விட்டுக்கொடுத்துவிடும். இந்தப் பாகப்பிரிவினையில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நடந்தேறிவிடுவதால், அதற்குள் பலவீனமான கையை வேலை வாங்குவதுதான் சிகிச்சையின் சாரம். குழந்தை தானாக முயன்று எட்டிப்பிடிக்கும் அசைவே இழைகளை வளர்க்கிறது. பிறர் பிடித்து நீவிவிடுவது அந்த வேலையைச் செய்வதில்லை. எண்ணெய்க் குளியல் சுகமானது, அன்பை வளர்ப்பது, சிகிச்சை ஆகாது.

இவ்வாறு மூளை அடிபடுவதால் வரும் மூளை முடக்குவாதத்தை ஒரு வயதுக்கு முன் நிர்ணயிக்க இயலாதென்று வைத்தியர்களே நெடுநாள் எண்ணியிருந்தனர். ஆஸ்திரேலிய நிபுணரான அயோனா நோவாக்கும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, ஆறு மாதத்துக்கு முன்பே அதைத் திடமாகச் சொல்ல முடியும் என்று நிலைநாட்டியது. அதற்குக் கருவியாகும் பரீட்சைகளுள் ஒன்று ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய வைத்தியர் வகுத்தது. மூன்றிலிருந்து ஐந்து மாதமான சிசுவை மல்லாத்திக் கிடத்திச் சில நிமிஷங்கள் படம்பிடித்தால், கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் ஓயாமல் நெளிகின்ற சிற்றசைவுகள் ஆரோக்கியமான குழந்தையிடம் தென்படும். அவை அறவே இல்லையென்றால் மூளை முடக்குவாதத்துக்கு அது வலுவான முன்னறிகுறி. பயின்ற கண்ணும் ஒரு செல்போனும் போதும்.

நம் நாட்டில் இதற்கான சந்தர்ப்பங்கள் முன்பே அமைந்திருக்கின்றன. தடுப்பூசிக்காக ஒவ்வொரு சிசுவும் 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்பதாம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் கிராம சுகாதார செவிலியரின் முன்னே வந்தே தீருகிறது. பதினான்காம் வாரம் பிரெக்டல் பார்க்கச் சொன்ன அசைவுகளின் காலம். ஒன்பதாம் மாதம் உட்காரும் காலம். அதற்கடுத்த ஊசி குழந்தை நடக்கும் காலம். டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய பதினேழே அம்சங்கள் கொண்ட வளர்ச்சி அட்டவணையை, ஊசி போட்டு அழுகை ஓய்வதற்குள் பார்த்துவிடலாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரம், வளர்ச்சித் தாமதத்தையும் தன் பொறுப்பில் ஏற்று, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிப்பதையும், சந்தேகமானவர்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவதையும் விதித்திருக்கிறது.

அனுப்புவது சுலபம், போய்வருவது அப்படியல்ல. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவரும் முட்டுக்காடோ, எளாவூர்க்காரிக்கு ஒரு முழுநாள் பிரயாணம். அன்றைய மீன் வியாபாரம் போயிற்று. வாரம் இருமுறை போகச் சொன்னால் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடும். இந்தச் சிக்கலுக்குத் தென்காசிச் சீமையிலுள்ள ஆய்க்குடி வேறொரு வழி காட்டியிருக்கிறது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் குழந்தையின் நிலையைச் செல்போன் செயலியில் பதிய, பிசியோதெரபிஸ்ட் முதலிய நிபுணர்கள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். அன்றாடம் பயிற்சி தருபவள் தாய். ஏரிக்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டு வேலையோடு வேலையாகச் செய்யத்தக்கது. விழித்திருக்கும் நேரத்தில் தூளியிலிருந்து எடுத்துப் பாயில் குப்புறப் போட்டு, மார்பின் கீழே சுருட்டிய புடைவையை வைத்தால் தலை நிமிரும். கிலுகிலுப்பையைப் பலவீனமான கைப்பக்கம் நீட்டினால் அந்தக் கை அசையும். கால் விறைத்த குழந்தையை இடுப்பில் கால் விரித்துத் தூக்கிக்கொள்ளும் நம் பெண்களின் வழக்கத்தை நிபுணர்களும் சிபாரிசு செய்கிறார்கள். கடையில் விற்கும் வட்ட வடிவச் சக்கர வாக்கர் மட்டும் வேண்டாம். அது நடை கற்பிப்பதில்லை, விபத்துகளின் காரணமாகக் கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

நோயின் பெயர் தெரிந்த பிறகே பயிற்சி என்று காத்திருக்கவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, கணைச்சூடு என்று ஊரார் சொல்லும் மெலிவு, தசைநோய்கள் என்று காரணங்கள் பலவாதலால் ரத்தப் பரிசோதனை ஒருபுறம் நடக்கட்டும், பாயில் குப்புறப் போடுவது மறுபுறம் நடக்கட்டும். மருந்தினாலேயே சீர்படும் காரணங்களும் உண்டு. அவற்றுள் தைராய்டு குறைவில் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புள்ளது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், இந்த எல்லைப்புறத்துப் பெண் ஆந்திரப் பக்கம் தடாவிலோ சூலூர்ப்பேட்டையிலோ பெற்றெடுத்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ எளாவூர்ப்பக்கம் புகுந்தவீட்டுக்குத் திரும்புகிறாள். அறிகுறிகள் வெளிப்படும் அதே மாதங்களில் நர்ஸம்மாவும் ஆஸ்பத்திரியும் மாறிவிடுகின்றனர். குழந்தை பிறந்ததும் அழுததா, எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, மஞ்சள் காமாலைக்கு விளக்கடியில் வைத்தார்களா, இன்குபேட்டரில் எத்தனை நாள் இருந்தது என்பவையெல்லாம் அந்தப் பக்கத்து டிஸ்சார்ஜ் சீட்டில் தங்கிப்போகின்றன. அந்தச் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்து, இங்கே போடும் முதல் ஊசிக்கே எடுத்துப்போய்க் காட்டவேண்டும்.